ஏடு காத்த ரோஜா முத்தையா

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். வெடித்துச் சிதறிய பட்டாசுக் காகிதம் வாசலெங்கும் கிடக்கும். அதில் ஒரு துண்டை எடுத்து விரித்துப் பாருங்கள், எழுத்துக்கள் தெரியும். ஏதோ ஒரு செய்தித்தாளின் பாதித் தலைப்பு; எந்தப் பள்ளிப் பிள்ளையோ எழுதிய கணக்கு; யாரோ அச்சிட்ட நூலின் அறுபட்ட ஒரு வரி. சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் குழாய் சுற்றிப் பிழைக்கும் தோழர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. எடைக்குப் போன பழைய தாள்தானே வெடிக்கு உடல்! மருந்து உள்ளே, எழுத்து வெளியே. திரியில் தீ வைத்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடுகின்றன.

குழாய் சுற்றும் கையைக் குறை சொல்ல வரவில்லை நாம். அந்தக் கைக்குக் கூலி வேண்டும். கூலி கொடுக்கும் வேலைக்குத் தாள் வேண்டும். நாம் கேட்பது வேறொன்று. எடைக்குப் போகும் தாளில் எதெல்லாம் போகிறது? நேற்றைய செய்தித்தாள் போனால் போகட்டும். அறுபது ஆண்டுக்கு முந்திய சங்கத்தின் அறிக்கை போகலாமா? பாட்டன் பார்த்த நாடகத்தின் நோட்டீஸ் போகலாமா? ஒரே ஒருமுறை அச்சாகி, மறுபதிப்புக் காணாத புத்தகத்தின் கடைசிப் பிரதி போகலாமா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒருவர் இருந்தார். வெகு தொலைவில் இருந்தவரல்லர். 1985ஆம் ஆண்டு வரையில் விருதுநகரும் சிவகாசியும் எந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தனவோ, அதே மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் வாழ்ந்தவர். ரோஜா முத்தையா என்பது அவர் பெயர். நாடாண்ட மன்னருமல்லர், மேடையேறி முழங்கிய தலைவருமல்லர், பல்கலைக்கழகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பேராசிரியருமல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். தூரிகை பிடித்துப் பிழைத்தவர்.

அந்தத் தொழிலைக் கற்கத்தான் அவர் சென்னைக்குப் போனார். சென்னையில் அந்நாளில் மூர் மார்க்கெட் என்றொரு சந்தை இருந்தது. சென்டிரல் ரயிலடிக்குப் பக்கத்தில், 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். அதற்குள்ளும் சுற்றிலும் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. வீட்டைக் காலி செய்தவர்களும், படித்த தந்தை மறைந்தபின் அலமாரியைக் காலி செய்த பிள்ளைகளும் விற்ற நூல்கள் அங்கே வந்து குவியும். கடைக்காரருக்கு அது சரக்கு, வாங்குவோருக்குப் பேரம். முத்தையாவுக்கோ அது புதையலாகத் தெரிந்தது. பார்த்தார், வாங்கினார், வாங்கியதை விடாமல் சேர்த்தார்.

1950ஆம் ஆண்டையொட்டிக் கோட்டையூரில் அவருடைய சேகரிப்பு உருவாகத் தொடங்கியது. செட்டிநாட்டின் நிலை அப்போது எப்படி? பர்மாவிலும் மலேயாவிலும் பணம் ஈட்டி, நூறு தூண் நிறுத்தி வீடு கட்டிய ஊர்கள் அவை. இரண்டாம் உலகப் போர் வந்தது. பர்மா கைவிட்டுப் போயிற்று. வரவு நின்ற பெருவீடுகளிலிருந்து தேக்கும் பித்தளையும் பீங்கானும் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. தேக்குத் தூணுக்கு விலை கேட்க ஆள் இருந்தது. பீங்கான் ஜாடிக்கும் இருந்தது. பரணில் கிடந்த அச்சுத்தாளுக்கு யார் இருந்தார்? எடைக்கடைக்காரர் இருந்தார். எடைக்கடைக்கு எதிராக நின்று கை நீட்டிய ஒரு சிலரில் ஒருவர் ரோஜா முத்தையா.

என்னவெல்லாம் சேர்த்தார் என்று பார்த்தால் அவர் மனத்தின் அகலம் விளங்கும். இலக்கியம், சமயம், சித்த மருத்துவம், நாட்டார் கதை, பெண்களைப் பற்றிய நூல், காந்தியாரைப் பற்றிய நூல் எல்லாம் சேர்த்தார். அதோடு நின்றாரில்லை. மாத இதழும் வார இதழும் சேர்த்தார். நாடக நோட்டீசு சேர்த்தார். கல்யாணப் பத்திரிகை சேர்த்தார். கடிதங்களைச் சேர்த்தார். முடிவில் அந்தத் தொகுப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாகப் பெருகியது. அதில் பாதி, அதாவது ஐம்பதாயிரம் அளவில், நூல்கள்.

கல்யாணப் பத்திரிகையைச் சேர்ப்பது ஒரு வேலையா என்று சிரிப்பவர் உண்டு. சிரிக்க வேண்டாம், தோழர்களே! மன்னனின் வரலாற்றைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். செப்பேட்டில் பொறித்து வைத்தார்கள். நம் வரலாற்றை யார் கல்லில் வெட்டினார்? கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எப்போது இருந்தது, எப்போது உதிர்ந்தது என்பதைப் பார்க்கலாம். புரோகிதர் இல்லாத திருமணம் எந்த ஊரில் எந்த ஆண்டில் நடந்தது என்பதையும் அதில் பார்க்கலாம். நாடக நோட்டீசில் தரை டிக்கெட் என்ன விலை, நாற்காலி என்ன விலை என்று இருக்கும். உழைப்பவன் எங்கே உட்கார்ந்து பார்த்தான் என்பதை அது சொல்லும். அரசாங்கத்தின் கெஜட்டில் இவை இரா. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஓலைச்சுவடியைக் காத்தார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். நாடு அவரை நினைக்கிறது, நினைக்கவும் வேண்டும். ஓலையில் இருந்ததை அவர் தாளுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தாளே அழியும் காலத்தில் தாளைக் காத்தவர் முத்தையா.

தாளுக்கு என்ன அருமை என்று கேட்கலாம். தமிழில் முதல் நூல் அச்சானது 1578இல், கொல்லத்தில். ஆனாலும் நெடுங்காலம் அச்சு பாதிரிமார் கையிலும் கும்பினி ஆட்சியின் கட்டுப்பாட்டிலும் இருந்தது. 1835இல் கட்டு நீங்கிய பிறகே நம்மவர் அச்சகங்கள் பெருகத் தொடங்கின. ஆகவே அதற்கு முந்திய தமிழ் அச்சு நூல் ஒவ்வொன்றும் அரியது. திருக்குறளே முதன்முதலில் அச்சேறியது 1812இல்தான். கோட்டையூர்த் தொகுப்பில் இருந்த மிகப் பழைய நூலான கந்தரந்தாதியோ 1804இல் அச்சானது! குறள் அச்சேறுவதற்கு எட்டாண்டு முந்தியது. பலகைக்கு வண்ணம் தீட்டியவரின் வீட்டில் அது பத்திரமாக இருந்தது.

வாங்கி அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் வெயில் தாளை மஞ்சளாக்கும். மழைக்கால ஈரம் பூஞ்சை பிடிக்க வைக்கும். கறையான் ஒரு பக்கம், இராமபாணப் பூச்சி ஒரு பக்கம். மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்குப் பகை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அதனுள்ளேயே இருக்கும் புளிப்புப் பொருள் அதை அரித்து, தொட்டால் உதிரும் அப்பளமாக்கிவிடும். அத்தகைய தாள் ஒன்றல்ல, நூறல்ல, ஆயிரக்கணக்கில்! அரசாங்கம் ஆள் வைத்து, சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய காவலை ஒரு தனி மனிதர் தம் வீட்டில் செய்தார். ஒன்றிரண்டு ஆண்டல்ல, நாற்பதாண்டுக் காலம் செய்தார்.

பழைய புத்தகம் விற்போரைத் தாழ்த்திப் பேசுவது நம் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் முத்தையாவின் அலமாரியும் இல்லை. குப்பைக்கும் நூலகத்துக்கும் நடுவில் நின்று, இது பழசு, இதற்கு விலை உண்டு என்று ஒதுக்கி வைத்த அந்தக் கடைக்காரரும் அறிவுக்குத் தொண்டு செய்தவரே. ஆனால் விற்பவர் கையில் நூல்கள் திசைக்கொன்றாகப் பிரியும். சேர்ப்பவர் கையில் ஒன்றுகூடும். ஒன்றுகூடிய பிறகுதான் ஒன்றின் அருகில் ஒன்றை வைத்து உண்மையைப் பார்க்க முடியும். அதனாலேயே உள்நாட்டு ஆராய்ச்சியாளரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளரும் கோட்டையூரை நாடினார்கள். அவர்களுக்கு வேண்டிய செய்தியைத் தம் சேகரத்திலிருந்து எடுத்துத் தந்தார் முத்தையா.

1992இல் அவர் மறைந்தார். பிறகு என்ன ஆகும்? நாட்டில் எத்தனையோ தொகுப்புக்கு என்ன ஆயிற்றோ அதுதான் ஆகியிருக்கும். பங்காகப் பிரியும், பூச்சி தின்னும், மிஞ்சியது எடைக்குப் போகும். அப்படி ஆகவில்லை. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அதை முழுதாக வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவும் இல்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு, தமிழ் மண்ணிலேயே, சென்னையில், 1994ஆம் ஆண்டு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பட்டியல் எழுதினார்கள், நுண்படம் எடுத்தார்கள். முகப்பேரில் தொடங்கிய நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது.

இதில் மகிழ்ச்சி உண்டு, நாணமும் உண்டு. தமிழனின் கல்யாணப் பத்திரிகைக்கு மதிப்புண்டு என்று சொல்ல, கடல் கடந்து சிகாகோவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது! வந்தவர்களுக்கு நன்றி சொல்வோம். வரும்வரை நாம் என்ன செய்து கொண்டிருந்தோம் என்றும் கேட்டுக் கொள்வோம்.

ஏனெனில் எல்லாத் தொகுப்புக்கும் இந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1985இல் முத்தையா நூல் தேடிய அதே மூர் மார்க்கெட் தீயில் வெந்து அழிந்தது. தீயின் வேகம் எத்தகையது என்று கந்தகத் தொழில் செய்யும் நம் தோழர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எரிந்தபின் பெருக்கி எடுப்பதற்குச் சாம்பல்தான் இருக்கும்.

சட்டம் இல்லையா? உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் சென்னை மாகாணம். அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கன்னிமாரா உள்ளிட்ட பெரிய நூலகங்களுக்குச் சேர வேண்டும் என்று 1954இல் இந்திய அரசு சட்டம் செய்தது. நல்ல சட்டங்கள். ஆனால் துண்டறிக்கைக்கு எந்தச் சட்டம் காவல்? வேலைநிறுத்த நோட்டீசுக்கு, பொதுக்கூட்டச் சுவரொட்டிக்கு, தீப்பெட்டி லேபிளுக்கு எந்த அலமாரி?

1956ஆம் ஆண்டில் விருதுநகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு என்று பெயர் சூட்டுங்கள் என்று கேட்டுப் பட்டினி கிடந்தார் சங்கரலிங்கனார். எழுபத்தாறு நாள் கிடந்து, அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். 1969இல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்த எழுபத்தாறு நாளில் நகரில் என்ன பேசினார்கள், யார் நோட்டீசு போட்டார்கள், எந்த அச்சகத்தில் அடித்தார்கள்? நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள், பழுத்த தாள் ஒன்று இன்னும் இருக்கலாம். அடுத்த வெள்ளையடிப்பின்போது அது எங்கே போகும்? சிவகாசிக்குத்தான் போகும், குழாயாகத்தான் வரும்.

அச்சடித்துப் பிழைக்கும் ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று தொடங்கிய அச்சுத் தொழில், நாடெங்கும் சுவரில் மாட்டும் காலண்டரைத் தருகிறது. ஊருக்கெல்லாம் நாள் காட்டும் ஊர் தன் நாளை மறக்கலாமா?

ஆகவே, தோழர்களே, பரணை ஒருமுறை பாருங்கள். அப்பாவின் சங்கச் சந்தா ரசீது, தாத்தாவின் கூட்ட நோட்டீசு, அட்டை கிழிந்த பழைய வரலாற்று நூல் எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். ஓரத்தில் ஊரும் ஆண்டும் குறித்து, படிப்பகத்தில் ஒரு பெட்டி வைத்துப் போட்டு வையுங்கள். நிறைந்ததும் நூலகத்துக்கு எழுதுங்கள். கோட்டையூரில் தூரிகை பிடித்த ஒரு கை, தனியாக, ஒரு லட்சம் தாளைக் காத்தது. சங்கமாகக் கூடியிருக்கும் ஆயிரம் கைகளால் ஒரு பெட்டியைக் காக்க முடியாதா?