தாய் விதைத்த விசுவாச விதை

1916 ஓகஸ்ட் 3. இலண்டன் பென்டன்வில் சிறைச்சாலையில் மரண தண்டனைக் கைதி ஒருவர் அதிகாலையில் முதன்முறையாக நற்கருணை உட்கொண்டார். அதுவே அவரது இறுதி நற்கருணையுமாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அவர் தூக்கிலிடப்பட்டார். அயர்லாந்தின் விடுதலைக்காக உயிரீந்த றோஜர் கேஸ்மென்ற் என்பவரே அவர். அப்போது அவருக்கு வயது 51.

1864 இல் டப்ளின் நகருக்கு அருகே பிறந்த அவருடைய தந்தை புரட்டஸ்தாந்து மதத்தவர். தாயாரோ, மகன் நான்கு வயதை எட்டுமுன்னரே வேல்ஸ் நாட்டின் றில் நகரில் அவருக்கு இரகசியமாகக் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றுக்கொடுத்தார். ஒன்பது வயதில் தாயை இழந்த சிறுவன், புரட்டஸ்தாந்தினராகவே வளர்ந்தார். தாய் விதைத்த விதை மண்ணுள் மறைந்தே கிடந்தது.

இருபதாவது வயதில் ஆபிரிக்காவின் கொங்கோவுக்குச் சென்ற அவர், பின்னர் பிரித்தானியத் தூதரக அதிகாரியானார். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில், போதிய இறப்பர் கொண்டுவராத மக்கள் சுடப்பட்டனர், கைகள் துண்டிக்கப்பட்டன. 1903 இல் உட்பகுதிகளுக்குப் பயணித்து, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களை அவர் பதிவுசெய்தார். 1904 இல் வெளியான அவரது அறிக்கை உலகின் மனச்சாட்சியை உலுக்கியது. 1908 இல் கொங்கோ மன்னரின் தனியுடைமையாக இருக்கும் நிலை முடிவுக்கு வந்தது. 1910 இல் அமேசன் காட்டின் புட்டுமாயோ பகுதியில் இறப்பர் நிறுவனமொன்று பூர்வீகக் குடிகளுக்கு இழைத்த கொடுமைகளையும் விசாரித்து அம்பலப்படுத்தினார். அவ்வறிக்கை வெளியான 1912 இலேயே, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதரும் தென் அமெரிக்கப் பூர்வீக மக்களைக் காக்குமாறு ஆயர்களுக்குச் சுற்றுமடல் வரைந்தார்.

பிறர் காயங்களைக் கண்ட கண்கள் தம் தாயகத்தின் காயத்தையும் கண்டன. 1911 இல் பெற்ற சேர் பட்டமும் அவரைக் கட்டிவைக்கவில்லை. 1914 இல் ஜேர்மனி சென்று ஆயுத உதவி நாடினார். போதிய உதவி கிடையாதென உணர்ந்ததும், எழுச்சியைத் தடுக்க எண்ணி நாடு திரும்பினார். 1916 ஏப்ரல் 21, பெரிய வெள்ளியன்று, கெரிக் கடற்கரையில் கரையிறங்கிய அவர் அன்றே கைதானார். தேசத்துரோகக் குற்றத்திற்காக மரணதண்டனை விதிக்கப்பட்டது. இரக்கம் கோரி மனுக்கள் எழுந்தன. அவற்றை வலுவிழக்கச் செய்ய, அவருடைய அந்தரங்க நாட்குறிப்புகள் செல்வாக்குள்ளோரிடையே இரகசியமாகக் காட்டப்பட்டன. உயிரோடு நற்பெயரும் பறிக்கப்பட்டது.

உலகம் கைவிட்ட அந்த வேளையில் தாயின் விசுவாசம் அவரைத் தேடிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைய அவர் விரும்பினார். தம் செயல்களுக்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தருமாறு இலண்டனில் கர்தினால் போர்ன் கேட்டபோது, மனச்சாட்சிக்கு மாறாகக் கையொப்பமிட அவர் மறுத்தார். ஆனால் அவர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவரென்பது அறியப்பட்டிருந்தது. மரணத்தறுவாயிலுள்ளோருக்குரிய சலுகையின்படி சிறைக் குருக்கள் அவரைத் திருச்சபையோடு ஒப்புரவாக்கினர். சுண்ணாம்புக் குழியில் புதைக்கப்பட்ட அவரது எச்சங்கள் 1965 இல் டப்ளின் கொண்டுவரப்பட்டு, அரச மரியாதையுடன் கிளாஸ்னெவின் சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்பட்டன.

அன்பார்ந்த பெற்றோரே, அவர் தெரிந்துகொண்ட அரசியல் வழியை ஏற்போரும் மறுப்போரும் உளர். எனினும், ஒரு தாய் மறைவில் விதைத்த விதை 48 ஆண்டுகளின் பின் சிறைக்கூடத்தில் கனிதந்தது என்பதில் ஐயமில்லை. நம் பிள்ளைகள் இன்று ஆலயத்தை விட்டுத் தூரப் போயிருக்கலாம். மனந்தளர வேண்டாம். நாம் மறந்துவிட்ட விதையையும் இறைவன் மறப்பதில்லை. விதைப்பதே நம் பணி, விளைவிப்பவர் அவரே.