எதிரணியில் ஒரு நண்பர்

கருநாடக எல்லையை ஒட்டி, ஜவளகிரிக் காடுகளும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த ஒசூர் வட்டாரத்தில் தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. இராஜாஜி என்று நாடறிந்த இராசகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று அவ்வூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1917இல் சேலம் நகராட்சியின் தலைவரானார்.

அக்காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக விளங்கியவர் ஈ.வெ. இராமசாமி. பின்னாளில் பெரியார் எனப் போற்றப்பட்டவரும் அவரே. இருவரிடையே அரும்பிய பழக்கம் ஆழ்ந்த நட்பாயிற்று. பெரியாரைக் காங்கிரசுக்கு அழைத்து வந்தவர்களுள் இராஜாஜி முதன்மையானவர். கதர்ப் பணியிலும் மதுவிலக்கிலும் இருவரும் தோளோடு தோள் நின்றனர். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை ஏற்கப்படாமையால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இராஜாஜி அங்கேயே தங்கினார்.

அதுவரை அப்பிரிவு கொள்கையளவில் நின்றது. 1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மறு ஆண்டே பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. அதனை எதிர்த்த பெரியார் சிறைப்பட்டார். அப்போது அவர் அறுபது வயதை நெருங்கியிருந்தார். ஒருவர் ஆள்பவர், மற்றவர் அவ்வரசின் கைதி! எந்த நட்புக்கும் இது கடுஞ்சோதனையே. பதவி கிடைக்காதிருந்தால் மேடைச் சொற்போரோடு முடிந்திருக்கக்கூடிய பகை, பதவியால் சிறைவாயில் வரை சென்றது. அவர்களது நட்பு சிதையவில்லை என்பது உண்மை. அதற்குக் காயமே நேரவில்லை என்று கூறுவது மிகை.

1949இல் நாட்டின் தலைமை ஆளுநராகத் திருவண்ணாமலைக்கு வந்த இராஜாஜியைப் பெரியார் சந்தித்தார். தம் திருமணம் பற்றிய சொந்தச் செய்தியைக் கலந்து பேச அவர் நாடியது, மேடைதோறும் தாம் எதிர்த்துவந்த அந்தப் பழைய நண்பரைத்தான். தொண்டர்கள் ஐயுற்றனர், ஏடுகள் பலவாறு எழுதின. ஆயினும் அங்குப் பேசியதைத் தனிச்செய்தி என்றே இருவரும் காத்தனர்.

அந்த நெருக்கம் எதிர்ப்பின் கூர்மையை மழுக்கவில்லை. முதலமைச்சராக இராஜாஜி 1953இல் அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, குலத்தொழிலைக் கற்பிக்கும் கல்வி என்று பெரியார் அதனை வன்மையாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுக்கவே, 1954இல் இராஜாஜி பதவி விலகினார். திட்டமும் கைவிடப்பட்டது.

1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டிற்கு வந்து, நண்பரின் உடலருகே கண்ணீர் விட்டு அழுதார்.