கப்பலில் இங்கிலாந்தை ஏற்றி வந்தவர்

தூத்துக்குடியில இருந்து மேப்பில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க. சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல வரும். இலங்கையில் இருக்கிற நுவரெலியாவுக்கு சுமார் 350 தான். நடுவுல இருக்கிறது நம்ம மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து மலையில், கடல் மட்டத்துக்கு மேல 1,868 மீட்டர் உயரத்தில், 1849-ல் ஒருத்தர் பியர் காய்ச்ச ஆரம்பிச்சார். இலங்கை பியரின் கதையை அந்த வருஷத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. அவர் பெயர் சாமுவேல் வைட் பேக்கர்.

உலகம் பேக்கரை ஞாபகம் வெச்சிருக்கிறது வேற காரணத்துக்காக. நைல் நதி எங்கே பிறக்குதுன்னு ஆப்பிரிக்காவுக்குள்ள தேடிப் போனவர்களில் அவரும் ஒருத்தர். ஆனா அதுக்கு முன்னாடி நுவரெலியாவில் அவர் கழிச்ச எட்டு வருஷம்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சுவாரசியம். ஏன்னா அங்கே அவர் செஞ்ச எந்த வேலையும் அவருக்கு முன்கூட்டித் தெரிஞ்ச வேலை இல்ல.

பேக்கர் 1821 ஜூன் 8-ல் லண்டனில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. ஜமைக்காவிலும் மொரீஷியஸிலும் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1843-ல் ஹென்றியட்டா மார்ட்டினைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார். அதே நாளில் தம்பி ஜான், ஹென்றியட்டாவின் சகோதரியைக் கட்டிக்கிட்டார். கொஞ்ச காலம் மொரீஷியஸ் தோட்டத்தைப் பார்த்துக்கிட்டார். அங்கே மனசு ஒட்டல. யானை வேட்டைக்குப் பேர் போன இலங்கைக்கு வந்தார்.

காட்டில் அலைஞ்சதில் கடுமையான காய்ச்சல் வந்துச்சு. உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போங்கன்னு சொன்னாங்க. மலைக்குளிரில் இரண்டே வாரத்தில் எழுந்து உட்கார்ந்துட்டார். அங்கதான் அந்த யோசனை வந்தது: இவ்வளவு குளிரும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் ஏன் ஒரு இங்கிலாந்து கிராமத்தையே உண்டாக்கக் கூடாது?

ஊருக்குத் திரும்பிப் போய் உண்மையாவே கிளம்பினார். அரசாங்கத்திடம் ஏக்கர் 20 ஷில்லிங் விலையில் நிலம் வாங்கினார். 1848-ல் ஒரு கப்பலில் பண்ணை மேலாளர், கொல்லர், குதிரைக்காரர், அவங்க குடும்பங்கள், நல்ல ஜாதி மாடு, செம்மறிக் கிடாக்கள், குதிரை, ஏர், கருவிகள், ஒரு கூட்டம் வேட்டை நாய்கள் எல்லாத்தையும் ஏற்றி அனுப்பினார். வயசு 27.

அப்புறம் நடந்தது வரிசையா சொதப்பல். கொழும்பில் இருந்து மலைக்கு ஏறும் வழியிலேயே குதிரைக்காரர் குடிபோதையில் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தார். அதை மீட்க அனுப்பின யானையையும் அதே ஆள் மலைப்பாதையில் ஓட ஓட விரட்டி, அது செத்தே போச்சு. இங்கிலாந்தில் இருந்து வந்த உயர்ஜாதிப் பசு, மலை ஏறி முடிக்கும் முன்னாடியே செத்தது. காட்டை வெட்டி யானையைப் பூட்டி உழுதாங்க. மண்ணில் சத்தே இல்ல. உருளைக்கிழங்கைப் புழு தின்னது, ஓட்ஸை மானும் பன்றியும் மேய்ஞ்சது. நோய் வந்து மாடுகளும் குதிரைகளும் விழுந்தன. கூட வந்தவங்க சண்டை போட்டாங்க. இதுக்குள்ள வேற யாரா இருந்தாலும் திரும்பிப் போற கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருப்பாங்க.

பேக்கர் எடுக்கல. மண்ணுக்கு உரம் போடாம ஒண்ணும் நடக்காதுன்னு புரிஞ்சுக்கிட்டு உரம் சேர்த்தார். எது செத்துச்சு, எது பிழைச்சுதுன்னு பார்த்து அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட்டார். மெல்ல மெல்ல பண்ணை நிமிர்ந்தது. பியர் வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

இங்கே ஒரு நிமிஷம் நின்னு பியர்னா என்னன்னு பார்த்துடலாம். நம்ம பக்கத்தில் உடன்குடி, திருச்செந்தூர் பனங்காட்டைத் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். பனையில் இருந்து இறங்கும் சாற்றில் சர்க்கரை ரெடியா இருக்கு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா அது பதநீர். தடவாம விட்டா காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் வேலை செஞ்சு சில மணி நேரத்தில் கள்ளு. மனுஷன் செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி.

பார்லி அப்படி இல்ல. அதில் இருக்கிறது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேரடியா சாப்பிட முடியாது. அதனால முதல்ல தானியத்தை ஊற வெச்சு முளைகட்டணும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச கேழ்வரகை முளைகட்டிக் காயவெச்சு அரைப்பாங்களே, அதே வேலைதான். முளை விடும்போது மாவைச் சர்க்கரையாக்கும் என்சைம் தானியத்துக்குள்ளேயே உருவாகுது. காயவெச்சு உடைச்ச அந்த மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். சூடு குறைஞ்சா வேலை மந்தமாகும். 80 டிகிரி பக்கம் போனா என்சைம் செத்துடும். இனிப்பு நீரை வடிச்சு, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, ஈஸ்ட் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் விடணும். ரெடிமேட் மால்ட் சாறு வாங்காம தானியத்தில் இருந்தே ஆரம்பிக்கிற முறை இது. புதுசா கத்துக்கிற யாருக்கும் இதில் தப்பு நடக்க நாலு இடம் இருக்கு: சூடு, சுத்தம், ஆற வைக்கிறது, பொறுமை. (இதைப் படிச்சுட்டு யாரும் ஹாஸ்டல் ரூமில் குக்கரை எடுக்காதீங்க. 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம்.)

இன்னொரு விஷயமும் இருக்கு. 1849-ல் ஈஸ்ட் என்ன செய்யுதுன்னு உலகத்திலேயே யாருக்கும் உறுதியாத் தெரியாது. அது உயிருள்ள பொருள்னு 1837-லேயே சிலர் சொல்லிட்டாங்க. பெரிய வேதியியல் அறிஞர்கள் அதைக் கிண்டல் பண்ணினாங்க. பாஸ்டர் பியர் பற்றி எழுதிய புத்தகம் வந்தது 1876-ல். டென்மார்க்கில் ஹான்சன் ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியாப் பிரிச்சு வளர்த்தது 1883-ல். அதாவது அந்தக் காலத்தில் பியர் காய்ச்சின எல்லாருமே காரணம் தெரியாம, பழக்கத்தை நம்பிக் காய்ச்சினவங்கதான். தியரி பின்னாடி வந்தது.

அப்போ நுவரெலியாவில் பியர் எப்படி நிலைச்சது? மலை செஞ்ச உதவி அது. ஈஸ்ட் வேலை செய்யற சூட்டைப் பொறுத்து பியரும் மாறும். 15-ல் இருந்து 20 டிகிரிக்குள்ள இருந்தா இங்கிலாந்து வகை பியர் நல்லா வரும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் வருஷம் முழுக்கச் சுமார் 16 டிகிரி. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் தூத்துக்குடியிலோ கொழும்பிலோ இதைக் கனவுகூடக் காண முடியாது. 30 டிகிரியில் ஈஸ்ட் கன்னாபின்னான்னு ஓடி, கூடவே புளிக்க வைக்கிற பாக்டீரியாவும் சேர்ந்துக்கும். மலையில் ஊற்றுத் தண்ணீர் இருந்தது. பாட்டில் பியரை இங்கிலாந்தில் இருந்து கப்பலில் கொண்டுவந்து மாட்டு வண்டியில் மலை ஏற்றுவதை விட, அங்கேயே காய்ச்சுறது லாபம்னு கணக்கும் ஒத்து வந்தது.

பேக்கர் வாழ்க்கையில் எனக்குப் பெரிசாத் தெரியிறது இதுதான். இங்கிலாந்தை அப்படியே பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கலாம்னு நினைச்சார். கொண்டுவந்ததில் பாதிக்கு மேல செத்துப் போச்சு. அந்த மலையின் குளிருக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துப்போச்சோ அது மட்டும் நின்னது. இன்னைக்கும் நுவரெலியாவின் கேரட்டும் முட்டைக்கோசும் லீக்ஸும் இலங்கை முழுக்கப் போகுது. 1881-ல் அங்கே முறையான பியர் ஆலை வந்தது. அது பிற்பாடு கொழும்புப் பக்கம் பியகமவுக்கு இடம் மாறிடுச்சு. ஹார்ட்டன் சமவெளியில் ஒரு அருவிக்கும் அவர் பெயர்தான்.

1855-ல் பேக்கர் இலங்கையை விட்டுப் போனார். அந்த வருஷக் கடைசியிலேயே ஹென்றியட்டா டைபாய்டில் இறந்துட்டாங்க. பிறந்த ஏழு குழந்தைகளில் நாலு மகள்கள்தான் மிஞ்சினாங்க. 1859-ல் டான்யூப் நதிக்கரையில் விடின் என்ற ஊரின் அடிமைச் சந்தையில் ஃபுளோரன்ஸ் என்ற பெண்ணை மீட்டுக் கூட்டிக்கிட்டுப் போனார். பிறகு அவரையே மணந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குள் நடந்து, 1864 மார்ச் 14-ல் ஆல்பர்ட் ஏரியைப் பார்த்தாங்க. 1866-ல் சர் பட்டம் வந்தது. 1869-ல் இருந்து நாலு வருஷம் எகிப்து அரசுக்காக மேல் நைல் பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கப் போராடினார். 1893 டிசம்பர் 30-ல் இங்கிலாந்தில் இறந்தார்.

அடிமைச் சந்தையை எதிர்த்த அதே மனுஷன், இலங்கையில் யானைகளைக் கணக்கில்லாமல் சுட்டவர். அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் புத்தகங்களில் அவர் வேட்டை நாய்களுக்கெல்லாம் பெயர் இருக்கு: ஸ்மட், கில்பக், புளூபியர்ட். மேலாளருக்குப் பெயர் இருக்கு. குடிச்சுட்டு வண்டியைக் கவிழ்த்த குதிரைக்காரருக்குக்கூடப் பெயர் இருக்கு. மரம் வெட்டின, சுமை தூக்கின கூலிகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்ல.

அதே வருஷங்களில் நம்ம பக்கத்தில் இருந்து ஆயிரக்கணக்கானவங்க தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியா மலைநாட்டுக் காபித் தோட்டங்களுக்கு நடந்தாங்க. காலராவிலும் பசியிலும் வழியிலேயே எத்தனையோ பேர் இறந்தாங்க. பேக்கர் குடியிருந்த மலைநாட்டைக் காட்டில் இருந்து தோட்டமா மாற்றினது அந்தக் கைகள்தான். அவங்களும் புது இடத்தில், தெரியாத வேலையை, முதல் தடவையா கத்துக்கிட்டவங்கதான். ஒரே வித்தியாசம்: பேக்கர் தோத்தா திரும்பிப் போகக் கப்பலும் அப்பாவின் பணமும் இருந்தன. அவங்களுக்கு அது இல்ல.

அடுத்த தடவை நுவரெலியாவுக்கு டூர் போனா, அருவிப் பலகையில் பேக்கர் பெயரைப் படிங்க. படிச்சுட்டு, பக்கத்துச் சரிவில் கொழுந்து கிள்ளுறவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க. பதில் தமிழில் வரும்.