கடலின் நீலத்தைக் கண்டு வினவிய சர் சி.வி. இராமன்

இயற்பியல் என்றவுடன் சூத்திரங்களை நினைத்து அஞ்சும் தோழியர் எங்கள் வகுப்பில் பலர் உண்டு. சர் சி.வி. இராமனோ கண்ணாலும் கையாலும் இயற்பியலைக் கற்றவர்.

இவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியரானதால், அங்குள்ள புனித அலோசியஸ் பள்ளியில் பயின்று, பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். அந்த வயதில் நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தோம்! 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலரானார். அலுவலக நேரம் போகக் காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். வீணையும் மிருதங்கமும்கூட அவருக்கு ஆய்வுப் பொருள்களாயின.

1921இல் கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் பிரதிபலிக்கிறது என்று அக்காலத்தில் கூறினர். இராமன் தம்மிடமிருந்த நிகோல் பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்தார். அப்போதும் நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என உணர்ந்தார்.

ஒளிச்சிதறலை நாங்களும் அறிவியல் மன்றத்தில் செய்து பார்த்தோம். கண்ணாடித் தம்ளர் நீரில் சில சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் அடித்தோம். பக்கவாட்டில் இலேசான நீலம், நேரெதிரே மஞ்சள். எட்டாம் வகுப்புத் தங்கைகள் மணி அடித்தும் வகுப்புக்குப் போக மறுத்தனர்.

1928 பிப்ரவரி 28இல், திரவத்தில் சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதை இராமன் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு செய்தி மட்டும் எங்களை வருத்தியது. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான இராமன், கமலா பாகவத் என்னும் மாணவிக்குப் பெண் என்பதாலேயே இடம் மறுத்தார். கமலா விடவில்லை. வாதாடி, ஓராண்டுச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையுடன் சேர்ந்தார். அவர் உழைப்பைக் கண்ட பின்பே இராமன் மனம் மாறிப் பெண்களைச் சேர்த்தார். பின்னாளில் அன்னா மணி அவருடைய ஆய்வகத்திலேயே வைரங்களை ஆராய்ந்தார். கமலா பேசாமல் திரும்பியிருந்தால்?

1948இல் இராமன் தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அங்கே கற்கள், படிகங்கள், வண்ணத்துப் பூச்சிகள் எல்லாம் சேர்த்து வைத்து, பள்ளிச் சிறுவர்களுக்கு ஆர்வத்தோடு காட்டுவார். சாதாரணமாய்த் தோன்றும் சில கற்கள் புற ஊதா ஒளியில் பச்சையும் சிவப்புமாய் ஒளிருமாம். வெள்ளைக்கல் வெட்டும் சேலத்தில் பிறந்த நாங்கள் கல்லை இப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை.

1970 நவம்பர் 21இல் அவர் மறைந்தார். பெங்களூர் சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். சகோதரி மனம் வைத்தால் அடுத்த சுற்றுலா அங்கேதான்.