சட்டமும் கருணையும்: மூதறிஞர் இராஜாஜியின் வாழ்க்கை

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் நோக்கிச் செல்லும் பெருவழியில் இன்று ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகளும் கருங்கல் ஏற்றிய லாரிகளும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓசூரை அணுகும் வேளையில் அச்சாலையை விட்டுச் சற்று விலகிச் சென்றால் தென்பெண்ணையாற்றின் பக்கத்தே தொரப்பள்ளி என்னும் சிற்றூரைக் காணலாம். அங்கே எளிய வீடு ஒன்று நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகிறது. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியராகிய சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் பிறந்த வீடு அது.

தமிழ் படித்தோர் அவரைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' தந்தவராக அறிவர். அந்நூலுக்கு 1958 ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்ததையும் அறிவர். ஆயினும் இக்கட்டுரை அவருடைய இலக்கியப் பணியைப் பற்றியதன்று. எது குற்றம், எது தண்டனை, மக்களை நல்வழிப்படுத்துவதற்காக அரசு தன் தண்டனைக் கரத்தை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்னும் வினாக்கள் அப்பெரியாரின் வாழ்நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்து வந்தன. சிறைக்குச் சென்றவரும் அவரே. பிறரைச் சிறைக்கு அனுப்பியவரும் அவரே. அவ்விரு நிலைகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை ஆகும்.

வழக்குமன்றமும் அதன் புறமும்

1878 டிசம்பர் 10 ஆம் நாள் தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யா அவ்வூரின் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். ஓசூரில் பள்ளிப் படிப்பையும் பெங்களூர் சென்டிரல் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்துச் சென்னையில் சட்டம் பயின்று, 1900 ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவர் பெற்ற பெயரும் பொருளும் பெரிது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். மனைவி அலமேலு மங்கம்மாள் இளவயதிலேயே மறைந்துவிட, ஐந்து மக்களையும் வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது.

1918 ஆம் ஆண்டில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் மீது அரசு இராஜத்துரோக வழக்குத் தொடுத்தபோது அவருக்காக வாதாடினார். அடுத்த ஆண்டு ரௌலட் சட்டம் வந்தது. ஒருவரை விசாரணையின்றியே காவலில் வைக்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. 1919 மார்ச்சில் காந்தியடிகள் சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான், நாடு முழுவதும் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வியக்கத்தில் இராஜாஜியும் சேர்ந்தார். பின்னர் நீதிமன்றங்களைத் துறந்தார்.

எனினும், ஒரு முறை அவ்விரதத்தை அவரே தளர்த்தினார். திருச்சானூர்க் கோயிலுக்குள் வழிபடச் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பக்தர் ஒருவர், கோயிலைத் தீட்டுப்படுத்திய குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். இராஜாஜி கதராடையுடன் மன்றம் ஏறி அவருக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். இறைவனைத் தொழுவதையே குற்றமாக்கும் சட்டம் யாருக்குரிய சட்டம் என்னும் கேள்வியை அவ்வழக்கு எழுப்பிற்று. 1939 ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசத்தைச் சட்டத்தால் காப்பதற்கு அவர் முன்வந்தமைக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

கம்பிக்குள் இருந்து கண்ட உலகம்

1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாத காலம் வேலூர்ச் சிறையில் இருந்தார். நேற்று வரை பிறருக்காக வாதாடியவர், இன்று எண்ணிடப்பட்ட கைதி. நாள்தோறும் அங்கே எழுதிய குறிப்புகள் பின்னர் நூலாயின. சிறை உணவு, உடல் நலிவு, உடனிருந்தோர், சிறை அலுவலர் நடைமுறை ஆகியவற்றோடு நாட்டின் எதிர்காலம் பற்றிய சிந்தனையும் அதில் உண்டு. விடுதலை வந்தவுடன் நீதியும் நல்லாட்சியும் தாமே வந்துவிடமாட்டா; தேர்தல் பூசலும் ஊழலும் செல்வர் ஆதிக்கமும் மக்களை வாட்டும்; கல்வி ஒன்றே நம்பிக்கை என்பது அவர் அன்று கண்ட முடிவு. ஆட்சி கைமாறினால் மட்டும் அநீதி ஒழியாது என்று சிறையிலிருந்தே உணர்ந்தவர் அவர். 1930 இல் வேதாரணியத்தில் உப்பெடுத்ததற்காகவும், பின்னரும், மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார்.

1925 ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டார். கதர் நூற்க வந்த ஏழைப் பெண்களின் கூலி கணவன்மாரின் கையிலிருந்து கள்ளுக்கடைக்குப் போவதை அங்கே நாளும் கண்டார். 1929 இல் கல்கியைத் துணையாகக் கொண்டு 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார்.

சேலம் மாவட்டத்துச் சோதனை

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பர்கூரும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே, அச்சோதனை நம் பாட்டனார் வீட்டு வாசலில் நடந்த சோதனை.

அத்திட்டத்தில் போற்றத்தக்க அறம் ஒன்று இருந்தது. ஏழையின் குடியால் வரும் வருவாயைக் கொண்டு அரசு நடத்தலாகாது என்று கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, வணிகர்களின் கடும் எதிர்ப்பையும் ஏற்றார். நன்மை செய்வதற்கான செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை சொல்லாத எந்தச் சமூகக் கொள்கையும் வெறும் உபதேசமே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆங்கிலேயரான மாவட்டக் கலெக்டர் டிக்சன் அப்பணியை முழுமனத்துடன் நிறைவேற்றினார். கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் பெண்கள் வாழ்த்தினர்.

ஆனால், அச்சட்டத்திற்கு மறுபக்கமும் இருந்தது. நேற்று வரை பழக்கமாக இருந்தது ஒரே இரவில் குற்றமாயிற்று. விற்றவன் மட்டுமன்றிக் குடித்தவனும் குற்றவாளியானான். கள் இறக்கிப் பிழைத்தோர் தொழில் இழந்தனர். பர்கூருக்குக் கிழக்கே திருப்பத்தூர்ப் பகுதி வடஆர்க்காடு மாவட்டம். வடக்கே குப்பம் சித்தூர் மாவட்டம். ஓசூருக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். எல்லைக்கு அப்புறம் கடை திறந்திருக்க, இப்புறம் குடிப்பவனுக்கு விலங்கு காத்திருந்தது. 1938 இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939 இல் வடஆர்க்காட்டிற்கும் மதுவிலக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் எல்லை நகர்ந்ததேயன்றி எல்லைச் சிக்கல் மறையவில்லை. மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டுக் கூண்டில் நின்றோர் பெரும்பாலும் எளியவர்களே.

தன் கையில் இருந்த வாள்

அதே ஆட்சிக் காலத்தில் நேர்ந்த மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். இந்தி கட்டாயப் பாடமானதை எதிர்த்து 1938 இல் மறியல் எழுந்தபோது, வெள்ளையராட்சி தேசத்தொண்டர்களை ஒடுக்கப் பயன்படுத்திய குற்றவியல் திருத்தச் சட்டத்தையே அவர் அரசு கையிலெடுத்தது. பெரியார் ஈ.வெ.ரா. உட்பட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாய்மாரும் உண்டு. சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் உயிர் நீத்தனர். அதற்கு முன்பே சோஷலிஸ்டுத் தலைவர் பாட்லிவாலாவின் மீது இராஜத்துரோக வழக்குத் தொடுத்ததும் அவ்வரசே. வரதராஜுலு நாயுடுவுக்காக இராஜத்துரோக வழக்கில் எதிர்த்து வாதாடிய அதே மனிதர் இப்போது அரசாங்க மேசையின் மறுபுறம் அமர்ந்திருந்தார்.

1951 இல் மத்திய உள்துறை அமைச்சராக இருந்தபோது தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவைப் பாராளுமன்றத்தில் அவரே நடத்திச் சென்றார். காவலில் வைக்கப்படும் ஒவ்வொருவரின் வழக்கும் ஆலோசனைக் குழுவின் பார்வைக்குச் செல்ல வேண்டும் என்னும் பாதுகாப்பை அப்போது சேர்த்தார் என்பது உண்மை. ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்தவர், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் முறைக்குச் சுதந்திர நாட்டில் துணை நின்றார் என்பதும் உண்மையே.

இவற்றை முரண்பாடு என்று சொல்லி ஒதுக்குவது எளிது. நுணுகிப் பார்த்தால், மூன்றிலும் ஒரே நம்பிக்கையைக் காணலாம்: நல்ல நோக்கம் உடையவர் கையில் சட்டம் நன்மையே செய்யும் என்பது. தம் நோக்கத்தின் தூய்மையில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. 1953 இல், முதலமைச்சராக, தொடக்கப் பள்ளிக் கல்வியைப் பாதி நாளாகக் குறைத்து மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகுமாறு வகுத்த திட்டத்தையும், தம் கட்சியினரைக்கூட முறையாகக் கலக்காமலே கொண்டுவந்தார். பிறப்புவழித் தொழிலுக்குள் பிள்ளைகளைப் பூட்டும் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழவே, 1954 ஏப்ரலில் பதவி விலகினார், அத்திட்டமும் கைவிடப்பட்டது.

ஒரு கருணை மனு

அவருடைய வாழ்வில் மிகக் கடுமையான தீர்மானம் எது என்று கேட்டால், 1949 ஆம் ஆண்டைத்தான் சுட்ட வேண்டும். காந்தியடிகளைக் கொன்ற கோட்சேயும் உடந்தையாயிருந்த ஆப்தேயும் மரண தண்டனை பெற்றனர். உயிர்க்கொலைக்கு உயிர்க்கொலை தந்தையின் நெறியன்று எனக் கருதிய காந்தியடிகளின் புதல்வர் மணிலாலும் இராமதாசும் தண்டனையைக் குறைக்குமாறு வேண்டினர். கவர்னர் ஜெனரலாக இருந்தவர் இராஜாஜி. அவருடைய மகள் இலட்சுமியை மணந்த தேவதாஸ், அவ்விருவருக்கும் உடன்பிறந்த தம்பி. அண்ணலின் சம்பந்தியாகவும் சீடராகவும் இருந்தவரிடம் அண்ணலின் மக்களே கருணை வேண்டினர். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1949 நவம்பர் 15 ஆம் நாள் அம்பாலாச் சிறையில் தண்டனை நிறைவேறிற்று.

தேசத்தின் சட்டம் குடும்பத்தின் மன்னிப்புக்கு மேலானது என்பார் உளர். காந்தியத்தின் இறுதித் தேர்வு அதுவே, அதில் நாடு தவறியது என்பாரும் உளர். இருபாலாரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: கையொப்பமிடும் கையின் பாரத்தை அவரைப் போல அறிந்தவர் வேறொருவர் இருந்திருக்க இயலாது.

மாலைப் பொழுது

1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, அரசின் கை அளவுக்கு மீறி நீளுகிறது என்பதே அவருடைய குறைபாடாக இருந்தது. உரிமம், அனுமதி, கட்டுப்பாடு என்று ஆட்சி குடிமகனை நெருக்குவதை எண்பது வயதில் எதிர்த்து நின்றார். ஆனால், மதுவிலக்கில் மட்டும் அவர் மனம் மாறவில்லை. 1971 இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் மழையையும் பொருட்படுத்தாது முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியைத் தேடிச் சென்று வேண்டினார். அவ்வேண்டுகோளும் பலிக்கவில்லை, ஆகஸ்டு 30 ஆம் நாள் கடைகள் திறக்க வழி பிறந்தது. 1972 டிசம்பர் 25 ஆம் நாள் இராஜாஜி மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. 1983 இல் தோன்றிய அரசு வாணிபக் கழகத்தின் வழியாக மது வருவாய் அரசின் பெரும் வருவாய்களுள் ஒன்றாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடை திறந்தாலும் மூடினாலும் மாள்பவன் ஏழையே என்னும்போது, விலங்கும் தீர்வாகாது, விற்பனையும் தீர்வாகாது.

2004 இல் தனி மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் மண் அவரைப் பெற்றெடுத்த மண். அவரிடமிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறலாம். ஏழையின் பலவீனத்திலிருந்து அரசு பொருள் ஈட்டலாகாது என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம். சட்டத்தை எழுதுவோன் அது தன் கையில் இருக்கும் நாளை மட்டுமன்றி, மாற்றான் கையில் தன்மேல் ஏவப்படும் நாளையும் எண்ணி எழுத வேண்டும் என்பது அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். வேலூர்ச் சிறையின் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து நாட்டைப் பார்த்த அந்தக் கண், ஆட்சிக் கட்டிலில் அமர்வோர் அனைவருக்கும் வேண்டுவதாகும்.