மூலிகையைச் சோதித்த மேதை

எங்கள் ஊர் கேளம்பாக்கம். இருமல் வந்தால் வேலியோரத்து ஆடாதோடை இலையைப் பறித்துக் கஷாயம் வைப்பது என் பாட்டியின் வழக்கம். கருவுற்றிருந்த என் அக்காளுக்கும் அதைக் கொடுக்க முற்பட்டபோது நான் தடுத்தேன். அந்தத் துணிவை எனக்குத் தந்தது ராம்நாத் சோப்ராவின் வாழ்க்கை.

1882-இல் பஞ்சாபில் பிறந்த சோப்ரா, கேம்பிரிட்ஜில் பயின்று, 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். நாட்டு மூலிகைகளை அவர் கண்மூடிப் போற்றவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. சாறெடுத்து, சத்தைப் பிரித்து, விலங்குகளில் சோதித்தார். ஆடாதோடையின் வாசிசின் என்னும் சத்தையும் ஆராய்ந்தார். 1933-இல் இந்திய மூலிகைகள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு வழிவகுத்தது. பின்னர் காஷ்மீர் சென்று மருந்து ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தினார். அதுவே வளர்ந்து ஜம்மு வட்டார ஆராய்ச்சிக்கூடமாயிற்று.

1973-இல் சோப்ரா மறைந்தார். சில ஆண்டுகளில் அங்கே வாசிசினைக் கருப்பைத் தசையில் சோதித்தனர். இவ்வகைச் சோதனையில், விலங்கின் கருப்பைத் துண்டை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் தொங்கவிட்டு நெம்புகோலுடன் இணைப்பர். மருந்தைச் சேர்த்ததும் தசை சுருங்கினால் சுழலும் தாளில் கோடு எழும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்வது தெரிந்தது. இருமலுக்கு இதமான இலை, கர்ப்பிணிக்கு ஆகாது.

இதைச் சொன்னதும் பாட்டி முதலில் சினந்தாள். பிறகு சற்று யோசித்துவிட்டு, கஷாயத்தைத் தானே குடித்துவிட்டாள்.