கணிப்பொறிக்குச் சதுரங்கம் கற்பித்த மேதை

எங்கள் ஆவூரில், மர நிழலில், கல்லில் கீறிய கட்டத்தில் ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவன் நான். புலிகள் 3, ஆடுகள் 15. ஓர் ஆட்டை வெட்டிவிட்டோம் என்று புலிக்காரன் துள்ளுவான். அடுத்த காயிலேயே அந்தப் புலியைச் சுற்றி அடைத்துவிடுவார்கள். வெட்டியதோடு கணக்கை நிறுத்தாமல் அப்புறம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் சொல்லித் தந்த புத்தி. இதே புத்தியை இயந்திரத்துக்கு விதியாக எழுதி வைத்தவர் ஆலன் டூரிங்.

அவருக்கும் தமிழகத்துக்கும் உறவு உண்டு. அன்னை எதெல் சாரா 1881-இல் போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியா திரும்ப, அவர் பிறர் வீட்டில் வளர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர், 1936-இல் விதிப்படி செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யவல்ல ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறியீட்டை உடைக்கும் பணியில் முன்னின்றார்.

1948-இல் நண்பர் சாம்பர்நௌனுடன் சேர்ந்து சதுரங்க நிரல் ஒன்றை வகுத்தார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, ராணிக்கு 10 என மதிப்பெண் தந்தார். தன் நகர்த்தல்கள், அவற்றுக்கு எதிரியின் பதில்கள் எல்லாவற்றையும் இயந்திரம் பார்க்க வேண்டும். ஆனால் வெட்டும் பதில் வெட்டுமாக இருக்கையில் அங்கேயே நிறுத்தி மதிப்பிட்டால் கணக்குப் பொய்த்துவிடும். ஆகவே முக்கியமான வெட்டுகள் தொடரும் வழிகளில் மட்டும், ஆட்டம் அமைதி அடையும்வரை தேடலை நீட்ட வேண்டும் என்று விதித்தார்.

அந்த நிரலை ஓட்டக் கணிப்பொறி வாய்க்கவில்லை. 1952-இல் டூரிங்கே காகிதத்தில் கணக்கிட்டு, அலிக் கிளென்னி என்பவருடன் ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது! 29-ஆவது நகர்த்தலில் ராணி ஆசைப்பட்டு ஒரு காயை வெட்டியது. எதிரியின் யானை ஓசையின்றி நகர்ந்து அதை மடக்கியது. அது வெட்டு அல்ல. ஆகவே அதன் பின்விளைவு நிரலின் கண்ணுக்குப் படவில்லை. எங்கள் ஊர்ப் புலியின் கதைதான்! பின்வந்தோர், அரசனுக்குச் 'செக்' வரும் வழிகளிலும் தேடலை நீட்டினர்.

அதே 1952-இல், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டத்தின்கீழ் டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்து ஏற்கும்படி ஆயிற்று. 1954 ஜூன் 7 அன்று, 41 வயதில், சயனைடு நஞ்சால் மாண்டார். பிரிட்டன் 2009-இல் வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரச மன்னிப்பு வழங்கியது. 2012-இல் அவரது நிரலுடன் ஆடிய காஸ்பரோவ் 16 நகர்த்தல்களில் வென்றாலும் அதைப் பாராட்டவே செய்தார்.

ஆட்டத்தின் நடுவே மதிப்புப் போடக் கூடாது என்று இயந்திரத்துக்குச் சொன்னவரை, அவருடைய நாடு நடுவிலேயே மதிப்பிட்டுத் தள்ளிவிட்டது. நண்பர்களே, ஒரு மனிதரை எடைபோடும் முன் நாமும் சற்றுத் தொலைவு நோக்குவோமாக.